கணவரின் இளகிய மனசுதான் அவருக்குத் தடையா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய கணவருக்கு 41 வயது. பாரிமுனைப் பக்கம், ஏற்றுமதி இறக்குமதிச் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் நிறுவனத்தில் 13 வருடமாக வேலை பார்க்கிறார். பேப்பர்களைத் தூக்கிக்கொண்டு கஸ்டம்ஸ் ஹவுசுக்கும் துறைமுகத்துக்கும் அலையும் பையனாகச் சேர்ந்தவர். வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்கி, பரீட்சை எழுதி, இந்தத் தொழிலில் தேர்வு பெற்ற ஊழியர்களுக்குச் சுங்கத்துறை தரும் ஜி கார்டும் எடுத்தார். இன்றைக்கு ஆபீஸ் அவரை நம்பித்தான் ஓடுகிறது. சம்பளம் 38,000 ரூபாய். முதலாளி எழுபதைத் தாண்டியவர். வீட்டில் அவரைப் "பெரியவர்" என்றுதான் சொல்வார்கள். இதய அறுவை சிகிச்சைக்குப் போகும் முன் பெரியவர் எல்லாரையும் கூப்பிட்டு, "இனி மாப்பிள்ளை பார்த்துப்பார்" என்று சொல்லிவிட்டார். கணவரைத் தனியாக அழைத்து, "கொஞ்ச நாள் கூட இருந்து மாப்பிள்ளைக்குத் தொழிலைச் சொல்லிக்கொடுப்பா" என்றாராம்.

வாசகியின் அண்ணனுக்கு இன்னொரு கிளியரிங் நிறுவனத்தோடு பழக்கம். பெரியவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்குள் ஐந்து பெரிய பார்ட்டிகளை, அதாவது வாடிக்கையாளர்களை, ரேட் விவரங்களோடு அங்கே கொண்டுபோனால், லாபத்தில் பங்கு தருவதாகப் பேச்சு. கணவர் மாட்டேன் என்கிறார். "வேணாம்மா, நாலு பேர் என்ன பேசுவாங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. இரண்டு வாரம் சண்டை. ஒரு ராத்திரி வாசகி, "நீங்கல்லாம் ஒரு ஆம்பளையா" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அவர் ஹாலில் படுக்கிறார், சரியாகத் தூங்குவதில்லை, பேச்சும் இல்லை.

வாசகி பி.ஏ. ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். அந்த வாரம் ஷேக்ஸ்பியரின் "மேக்பெத்". லேடி மேக்பெத் தன் கணவனைப் பற்றி, இவனுக்குள் இரக்கம் பாலாக நிரம்பிக் கிடக்கிறது, குறுக்கு வழியில் போக இவனால் முடியாது என்று கவலைப்படும் இடம். ஒரு மாணவி, "அவங்க சொல்றது கரெக்ட்தானே மிஸ்? நல்ல மனசு இருக்கிறவன் மேல வரவே முடியாதா?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாய் வரவில்லை என்று எழுதுகிறார். "என் கணவரின் இளகிய மனசுதான் அவருக்குத் தடையா? நான் லேடி மேக்பெத்தா?" இந்த இரண்டும்தான் அவர் கேள்விகள்.

சகோதரி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் லேடி மேக்பெத் இல்லை. உங்கள் வீட்டில் யாரும் யாரையும் கொல்லப் போவதில்லை. 13 வருடம் உழைத்த இடத்தில் கணவரை ஓரங்கட்டிவிட்டார்கள் என்ற கோபம் உங்களுக்கு. அது நியாயமான கோபம். ஆனால் அவள் தன் கணவனிடம் பேசிய பேச்சில் ஒன்றை நீங்களும் பேசிவிட்டீர்கள். அந்தப் பேச்சு அந்த வீட்டில் என்ன செய்தது என்பதற்காகத்தான் நாடகத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கிறேன். முதல் கேள்விக்கும் பதில் அங்கேயே இருக்கிறது.

கதை தெரியாதவர்களுக்காக நாலு வரி. ஸ்காட்லாந்து அரசன் டங்கனின் தளபதி மேக்பெத். நீ அரசனாவாய் என்று மூன்று சூனியக்காரிகள் ஆசை காட்டுகிறார்கள். அவன் அதை மனைவிக்குக் கடிதமாக எழுதுகிறான். இதற்கிடையில் போரை ஜெயித்துக் கொடுத்த தளபதியின் முன்னாலேயே, தன் மூத்த மகன் மால்கம்தான் வாரிசு என்று டங்கன் அறிவித்துவிடுகிறான். (மாப்பிள்ளை விஷயம் உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும்.) அன்றிரவு டங்கன் விருந்தாளியாக மேக்பெத்தின் கோட்டையில் தங்குகிறான். தூக்கத்திலேயே கொல்லப்படுகிறான். 1606 வாக்கில் எழுதப்பட்டு, 1623இல் அச்சேறிய நாடகம்.

"நல்லவன்" என்ற சர்டிபிகேட் யார் கொடுத்தது?

மேக்பெத் இரக்க சுபாவக்காரன் என்று அவன் மனைவி ஒருத்திதான் சொல்கிறாள். அதுவும் கடிதத்தைப் படித்துவிட்டு, அவன் வீடு வந்து சேர்வதற்கு முன்னால். நமக்கு அவனை முதலில் அறிமுகப்படுத்துவது காயம்பட்ட ஒரு போர்வீரன். எதிரியைத் தொப்புளிலிருந்து தாடை வரை கிழித்து, தலையை வெட்டிக் கோட்டைச் சுவரில் நட்டான் என்று அவன் வர்ணிக்க, டங்கன் கேட்டுப் பூரித்துப் போகிறான். ஆக, இது ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுகிற ஆள் இல்லை. தன்னை நம்பித் தூங்குகிற ஒருவன்மேல் கை வைக்கும்போதுதான் அந்தக் கை தயங்குகிறது. மனைவி இரக்கம் என்று குறைபட்டுக்கொள்வது அந்தத் தயக்கத்தைத்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவனுக்கு ஆசை இல்லை என்று அவளே சொல்லவில்லை. ஆசை இருக்கிறது, அதற்குத் துணையாக வேண்டிய கெட்ட குணம்தான் இல்லை என்கிறாள். அவள் கணக்குப்படியே பார்த்தாலும், இரக்கம் மறிப்பது அந்த ஒரு குறுக்கு வழியை மட்டும்தான்.

சரித்திரத்தில் வாழ்ந்த மேக்பெத் 1040இல் டங்கனைப் போரில் வென்றுதான் அரசனானான். 1057 வரை, அதாவது 17 வருடம் ஆண்டான். விருந்துக்கு வந்தவனைப் படுக்கையில் கொல்வதெல்லாம், வேறொரு ஸ்காட்லாந்து அரசன் கொலையான கதையிலிருந்து எடுத்து ஷேக்ஸ்பியர் ஒட்டவைத்தது. ஏன் ஒட்டவைத்தார் என்று யோசித்துப் பாருங்கள். போர்க்களத்தில் மோதி ஜெயித்தவன் என்றால் நாடகத்தில் மனசாட்சிக்கு வேலையே இல்லை. நம்பியவன் கண்ணை மூடியிருக்கும் நேரத்தில் செய்வதால்தான் அது சோக நாடகமாகிறது. பெரியவருக்கு எதிரில் போட்டிக் கடை போடுவதும், அவர் ஐசியூவில் இருக்கும்போது பார்ட்டிகளைக் கிளப்பிக்கொண்டு போவதும் ஒன்றல்ல என்று உங்கள் கணவருக்குத் தோன்றுகிறதே, அந்த வித்தியாசமும் இதுதான்.

அவன் அவளிடம் சொல்லாத காரணங்கள்

டியூஷனில் இந்த இடத்தை மெதுவாக நடத்துங்கள். முதல் அங்கம், ஏழாம் காட்சி. விருந்து நடக்கும்போது மேக்பெத் எழுந்து வெளியே வந்து தனியாக யோசிக்கிறான். முதலில் வருவது இரக்கமே இல்லை, பயம். இந்த ஒரு அடியோடு எல்லாம் முடியும் என்றால் மறுமையைக்கூடப் பணயம் வைக்கலாம். ஆனால் முடியாதே, நான் காட்டிய வழியை நாளைக்கு இன்னொருவன் எனக்கே காட்டுவானே என்கிறான். அப்புறம் கடமை வருகிறது: நான் அவனுக்கு உறவினன், குடிமகன், இன்றைக்கு விருந்து கொடுப்பவன், வாசலில் காவல் நிற்க வேண்டியவனே கத்தியை எடுப்பதா? அதற்கப்புறம்தான் டங்கனின் சாந்த குணம், அவன் செத்தால் ஊரே அழும் என்ற நினைப்பு, அப்போது பிறந்த குழந்தை போல வந்து நிற்கும் இரக்கம். கடைசியில், என்னைத் தள்ளிவிட வெறும் பேராசையைத் தவிர எதுவும் இல்லை என்று தன்னைப் பற்றியே ஒப்புக்கொள்கிறான்.

அந்த நேரத்தில் அவள் வருகிறாள். அவன் என்ன சொல்கிறான்? இந்த வேலை வேண்டாம், ராஜா இப்போதுதான் என்னைக் கௌரவித்தார், ஊரில் நல்ல பேர் கிடைத்திருக்கிறது, அதைக் கொஞ்ச நாள் அனுபவிக்கலாமே என்கிறான். அவ்வளவுதான்! தனியாக நின்று யோசித்ததில் ஒன்றைக்கூட அவன் அவளிடம் சொல்லவில்லை. இருப்பதிலேயே சொத்தையான காரணத்தை மட்டும் எடுத்து நீட்டுகிறான். அதை அவள் ஒரே அடியில் உடைத்துப் போடுகிறாள்: கோழை, நீ ஆம்பிளையா? "ஓர் ஆண் செய்யத் தக்கது எதையும் செய்யத் துணிவேன், அதற்கு மேல் துணிகிறவன் ஆணே இல்லை" என்று அவன் சொல்லும் பதில் அருமையான பதில். ஆனால் அதில் அவனால் நிற்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் தோற்றால் என்ன ஆகும் என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறான். இவன் விழுந்துவிட்டான் என்று நமக்கு அங்கேயே தெரிந்துவிடுகிறது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, "நாலு பேர் என்ன பேசுவாங்க" என்பது. அவருடைய உண்மையான காரணம் அதுதானா என்று எனக்குச் சந்தேகம். பரீட்சை எழுதியபோது லீவு கொடுத்தவர் அந்தப் பெரியவராக இருக்கலாம். கார்டு போய்விடுமோ என்று பயம் இருக்கலாம். உங்கள் அண்ணன் சொல்லும் ஆளையே அவர் நம்பாமல் இருக்கலாம். இன்றைக்கு இவர் செய்வதை நாளைக்கு அந்த ஆள் இவருக்குச் செய்யமாட்டான் என்று என்ன நிச்சயம்? இதில் எது என்று எனக்குத் தெரியாது, நீங்களும் கேட்கவில்லை. அவர் நீட்டிய காரணத்தை உடைப்பதிலேயே இரண்டு வாரம் போய்விட்டது.

அப்படியானால் இரக்கம் தடையா, இல்லையா?

அந்த மாணவியின் வாதத்துக்கு ஒரு நியாயம் உண்டு. அந்த ஒரு ராத்திரிக்கு, அந்தக் கத்திக்கு, அவனுடைய மனசு தடைதான். மனைவி தள்ளியிராவிட்டால் அவன் அன்று கிரீடத்தைத் தொட்டிருக்க மாட்டான். லேடி மேக்பெத் தன் கணவனைத் தப்பாக எடைபோட்டாள் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது.

ஆனால் தடை தடுக்கவில்லையே. கொலை நடக்கத்தான் செய்தது. நல்ல மனசு ஒருவனைத் தானாகக் காப்பாற்றிவிடாது, பக்கத்திலிருப்பவர் பேசப் பேச அது திரும்பும். நம் கைகேயியையே பாருங்களேன். ராமனுக்குப் பட்டாபிஷேகம் என்று கேட்ட சந்தோஷத்தில் கூனிக்கு மாலையைப் பரிசாகக் கொடுத்தவள். அவளுடைய "தூய சிந்தையும் திரிந்தது" என்கிறார் கம்பர்.

இரக்கம் கொலைக்குப் பிறகுதான் முழு வேலையைக் காட்டுகிறது. மேக்பெத்துக்கு "ஆமென்" சொல்ல வாய் வரவில்லை, இனி உனக்குத் தூக்கம் இல்லை என்று குரல் கேட்கிறது. அந்த வலி தாங்காமல் அவன் மனசைக் கல்லாக்கிக்கொள்ளப் பழகுகிறான். நண்பன் பாங்க்வோவை ஆள் வைத்து முடிக்கிறான். பிறகு மேக்டஃப் என்ற பிரபு ஊரில் இல்லாத நேரத்தில் அவன் மனைவியையும் குழந்தைகளையும் கொல்ல ஆள் அனுப்புகிறான். லேடி மேக்பெத் குறைபட்ட இரக்கம் இப்போது சுத்தமாக இல்லை. ஆட்சி நன்றாக நடந்திருக்க வேண்டுமே? பிரபுக்கள் ஒவ்வொருவராக ஓடுகிறார்கள். மிச்சமிருக்கும் படை கட்டளைக்கு நகர்கிறதே தவிர அன்பால் நகரவில்லை. வயதான காலத்தில் கூட இருக்க வேண்டிய மரியாதை, அன்பு, நண்பர் கூட்டம் எதுவும் எனக்குக் கிடையாது என்று அவனே சொல்லிக்கொள்கிறான்.

அவளும் சொன்ன அளவுக்குக் கல் இல்லை. தூங்கும் அரசன் தன் அப்பாவின் சாயலில் இருந்தானாம், இல்லாவிட்டால் நானே செய்திருப்பேன் என்கிறாள். அதற்கே அவளுக்கு மது தேவைப்பட்டது. கடைசியில் தூக்கத்தில் நடந்து, இல்லாத ரத்தத்தைக் கையிலிருந்து தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். இரக்கம் அவனிடம் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்ததுதான் அவள் போட்ட தப்புக் கணக்கு.

ஒரு குடும்ப ஆலோசகராக எனக்கு இந்த நாடகத்தில் பயங்கரமாகப் படுவது கொலைகள் இல்லை. ஆரம்பத்தில் "என் பெருமையில் பங்காளியே" என்று மனைவிக்குக் கடிதம் எழுதியவன், பாங்க்வோ விஷயத்தில் உனக்குத் தெரியாமலே இருக்கட்டும் என்று அவளிடம் மறைக்கிறான். விருந்துக் காட்சிக்குப் பிறகு இருவரும் ஒரே காட்சியில் வருவதே இல்லை. உங்கள் கணவர் ஹாலில் படுப்பதைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. அது இன்னும் சரிசெய்யக்கூடிய தூரம்தான், தள்ளிப்போடாதீர்கள்.

இளகிய மனசும் கேட்கத் தயங்குவதும்

இனி கணவர் பக்கம். அவர் மேலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 13 வருடத்தில் ஆபீசைத் தூக்கி நிறுத்தியவர், எனக்குப் பங்கு கொடுங்கள் என்றோ சம்பளத்தை ஏற்றுங்கள் என்றோ பெரியவரிடம் எப்போதாவது வாய்விட்டுக் கேட்டாரா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. கேட்டிருக்கவில்லை என்றால், அந்த இடத்தில் இளகிய மனசைக் குறை சொல்ல வேண்டாம், அது சங்கோஜம். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், கூட வாழ்கிறவர்களே ஏமாந்துபோவார்கள். "கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு உரிமை உடைத்திவ் வுலகு" என்று குறள் சொல்கிறது. வேலையைக் கெடுத்துக்கொள்ளாமல் இரக்கமாக இருக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த உலகம் சொந்தம் என்று அர்த்தம். உங்கள் கணவரிடம் இரண்டாவது பாதி நிறையவே இருக்கிறது. பழக வேண்டியது முதல் பாதி. குறுக்கு வழிக்கு அவரைத் தள்ளிய நேரத்தில் அதைப் பழக்கியிருக்கலாம்.

அண்ணன் சொன்ன வழியில் உள்ள ஆபத்து

நான் வக்கீல் இல்லை. தம்பு செட்டி தெருவில் தடுக்கி விழுந்தால் வக்கீல் ஆபீஸ்தான். எதையும் செய்யும் முன் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தவரை விஷயம் இப்படி.

வேலையை விட்ட பிறகு அதே தொழில் செய்ய அவருக்கு உரிமை உண்டு. தொழில் செய்யக் கூடாது என்று ஒருவரைக் கட்டிப்போடும் ஒப்பந்தம், 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி பொதுவாகச் செல்லாது. பார்ட்டிகளும் யாருக்கும் சொந்தமில்லை. ஒவ்வொரு பார்ட்டியும் தானாக அதிகாரக் கடிதம் கொடுத்தால்தான் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர், அதாவது லைசென்ஸ் வைத்திருக்கும் கிளியரிங் நிறுவனம், அவர்களுக்கு வேலை செய்ய முடியும். நாளைக்கு அவர்களாகவே தேடி வந்தால் அதில் தவறில்லை.

சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கும்போதே விவரங்களை எடுத்து வெளியே கொடுப்பது வேறு. நம்பிக்கை மோசடி என்று புகார் போனால், நிற்குமோ நிற்காதோ, கார்டையும் பெயரையும் வைத்துப் பிழைக்கிற மனிதருக்கு அந்த அலைச்சலே போதும். இன்னொன்றையும் உங்கள் அண்ணன் சொல்லியிருக்க மாட்டார். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் என்றால், ஐந்து வருடம் தாண்டி விலகுகிறவருக்கு கிராஜுவிட்டி உண்டு. ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000 என்று வைத்தால், அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்க 15,000. 13 வருடத்துக்கு 1,95,000 ரூபாய். வேலையில் செய்த ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக நீக்கினால் இந்தப் பணத்தை நிறுத்திவைக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

மாப்பிள்ளை விஷயத்திலும் பயப்பட வேண்டாம். புரோக்கர் லைசென்ஸ் சொத்து போல விற்கவோ எழுதிவைக்கவோ கூடியது அல்ல. பட்டமும் ஜி கார்டு அனுபவமும் உள்ள உங்கள் கணவர், எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் எழுதித் தன் பெயரிலேயே லைசென்ஸ் எடுக்க முயலலாம். அந்தத் தேர்வு சுலபமில்லைதான். ஆனால் அவருடைய ஆசைக்கு நேர் வழி ஒன்று இருக்கிறது, யாரும் அதை அவர் முன்னால் எடுத்து வைக்கவில்லை.

இப்போது செய்யக்கூடியவை

முதலில் அந்த ஒரு வார்த்தைக்கு மன்னிப்புக் கேளுங்கள். "கோபத்துல சொன்னேன், ஆனா நீங்களும்..." என்று இழுக்காதீர்கள். மன்னிப்போடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். பணப் பேச்சை இன்னொரு நாள் எடுக்கலாம்.

அந்த இன்னொரு நாளில், ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று கேளுங்கள். "நாலு பேர்" பதில் வந்தால், "அது சரி, வேற?" என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். வீட்டுக்குள் வேண்டாம் என்றால் காசிமேடு கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வாருங்கள். எதிரெதிரே உட்கார்ந்தால் வாயே திறக்காத ஆண்கள், பக்கத்தில் நடக்கும்போது பேசுவார்கள். என்னிடம் வருகிறவர்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் அண்ணனை அந்தப் பேச்சில் சேர்க்க வேண்டாம்.

பெரியவர் வீடு திரும்பிக் கொஞ்சம் தேறிய பிறகு கணவர் நேரில் போய்க் கேட்கட்டும். ஒரு மாதம் போகட்டுமே. கேட்க வேண்டியது இரண்டு: மாப்பிள்ளைக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் காலத்துக்கு என்ன சம்பளம், அதற்குப் பிறகு தனக்கு எழுத்தில் என்ன இடம். அவர் என்ன பதில் சொல்கிறாரோ அதை வைத்து அங்கேயே இருப்பதா, முறைப்படி நோட்டீஸ் கொடுத்து விலகுவதா என்று இருவரும் சேர்ந்து முடிவெடுக்கலாம். அங்கே போகும் முன் வேலை நியமனக் கடிதம், சம்பள ரசீதுகள், பி.எஃப். கணக்கு விவரம், ஜி கார்டு நகல் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் எடுத்து வையுங்கள். நியமனக் கடிதமே கொடுக்கவில்லை என்றால் சம்பளம் வரவான வங்கி ஸ்டேட்மென்ட் உதவும்.

அவருடைய தூக்கம் திரும்புகிறதா என்று பாருங்கள். சமாதானமான பிறகும் சில வாரங்களுக்கு இதே நிலை என்றாலோ, சாப்பாடும் குறைந்தாலோ, வாழ்க்கையே வெறுத்துப்போன மாதிரி பேசினாலோ காத்திருக்க வேண்டாம். ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். நெஞ்சில் இறுக்கம், படபடப்பு என்று சொன்னால் அதை மனக்கஷ்டம் என்று நீங்களாக முடிவு செய்யாமல் முதலில் இதயத்தைப் பரிசோதித்துவிடுங்கள்.